நீ வேணாம்னா போவலப்பா என்ற மகளுக்கு

பாப்பா,

நீ அந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை கூப்பிட்டாய். இரண்டு தடவையும் டவர் சரியில்லை என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. உன் குரலைக் கேட்டால் வாய்தவறி ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம். அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவதோடு நின்றுபோய் ஸ்டியரிங் பிடித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் அம்மா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்து, ஒரு தாளில் மலையை வரைந்து காட்டி, எங்கே கூடாரம், எங்கே கயிறு, எங்கே என்ன ஆபத்து என்று எனக்குப் பாடம் நடத்தினாய். நானும் புரிந்தவன் மாதிரி தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "டீம்ல நாலு பேருப்பா. மத்த மூணு பேரும் வரேன்னுட்டாங்க. நான் இன்னும் சொல்லல. நீ வேணாம்னா நான் போவல. நெஜமா." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ சிரித்துவிட்டுப் போனை வைத்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். போ என்று நான் சொல்லி, அங்கே உனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அனுப்பி வைத்தவன் நான். அந்தச் சொல்லைச் சொன்ன வாயோடு உன் அம்மா போடும் சோற்றை எப்படித் தின்பேன். வேணாம் என்று சொல்லி நீயும் நின்றுவிட்டால், என்னிடம் கோபப்பட மாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் பொங்கலுக்கு வந்து நீ சும்மா ஒரு நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும், என்னால்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். அந்த எறும்பாவது குச்சியிலிருந்து கீழே குதித்துவிடலாம். இதற்கு முன்னே இரண்டு மலை ஏறினாய். ஆபீசில் ட்ரெய்னிங் என்று பொய் சொல்லிவிட்டுப் போனாய். மூக்குத் தோல் உரிந்து வந்து நின்றபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். பெற்றவர்களிடம் இப்படியா மறைப்பாய் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது சொல்கிறேன், அந்தப் பொய்யே தேவலாம். நீ பனியில் தொங்கிய அந்த நாட்களில் நான் இங்கே வயிறாரத் தின்றுவிட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

இதில் ஃப்ளெக்ஸ் வேறு. உன் மூன்றாவது மலையைப் பற்றி நான்தான் லாரி ஸ்டாண்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன். என் கூட்டாளி மாணிக்கத்தைத்தான் உனக்குத் தெரியுமே, சந்தோஷம் வந்தாலும் சாவு வந்தாலும் முதலில் ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான் ஓடுவான். உன் போட்டோவைக் கேட்டான், கொடுத்தேன். மூன்றாம் நாள் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஆளுயரத்துக்கு நீ நிற்கிறாய். பின்னால் இருப்பது உன் மலைகூட இல்லை, நெட்டில் கிடைத்த ஏதோ ஒன்று. நீ இன்னும் பெட்டியே கட்டவில்லை, அதற்குள் சிகரம் தொட்ட சிங்கமே என்று போட்டுவிட்டார்கள். கீழே வரிசையாக ஸ்டாண்டுக்காரர்களின் தலைகள், முதல் தலை என்னுடையது. அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேலை இல்லாத நாளிலும் வண்டியை அந்தப் பக்கமாக விட்டேன். நீ கேள்வி கேட்ட மறுநாளிலிருந்து மார்க்கெட் வழியாகச் சுற்றிப் போகிறேன். அப்படிப் போனாலும் விடுகிறார்களா. பொண்ணு எப்போ கிளம்புது, பொண்ணு எப்போ கிளம்புது என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை.

நீ நடத்திய பாடத்தை நான் எவ்வளவு புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். தப்பாக இருந்தால் திருத்து. முதலில் பனி ஆறு. அதில் வெடிப்புகள் இருக்கும், புதுப்பனி விழுந்து மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நாலு பேரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு இடைவெளி விட்டு நடப்பீர்கள், ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஒரு பள்ளத்தாக்கு. அதன் தலைக்கு மேல் வீடு வீடாக ஐஸ் தொங்குகிறது. அப்புறம் சுவர் மாதிரி நிற்கும் ஐஸ், இரண்டு கையிலும் கோடாலி, காலில் முள் கட்டிய பூட்ஸ். அப்புறம் கத்தி முனை போல ஒரு முகடு, அதன் முடிவில் உச்சி. இத்தனைக்கும் நடுவில் காற்று கம்மி. உயரம் ஒத்துக்கொள்ளாமல் போனால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்ளும், அப்படி ஆனவருக்கே அது தெரியாது என்றாய். குடித்தவன் நான் குடிக்கவில்லை என்று சத்தியம் பண்ணுவான், அந்த மாதிரியா என்று கேட்டேன். அதேதான்ப்பா என்றாய். ஹெலிகாப்டர் வராதா என்று கேட்டதற்கு, கீழ்க் கூடாரம் வரைக்கும்தான் வரும், அதற்கு மேல் நாலு பேரும் ஒருவரை ஒருவர் இறக்கிக்கொண்டு வந்தால்தான் உண்டு என்றாய்.

அதில் நீ சொன்ன ஒன்று எனக்கு நன்றாகப் பிடித்தது. கஷ்டம் வேறு, ஆபத்து வேறு என்றாய். ஐஸ் சுவர் கஷ்டம், ஆனால் கற்றுக்கொண்டவர்கள் ஏறிவிடலாம். தொங்குகிற ஐஸ் ஆபத்து. அதற்குக் கீழே நடப்பது குழந்தைக்குக்கூடச் சுலபம், ஆனால் அது எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது, நீ எவ்வளவு படித்திருந்தாலும் அது பார்க்காது. இது எனக்கு உடனே விளங்கியது. கல்வராயன் மலைப் பாதையில் எத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன். கொண்டை ஊசி வளைவு கஷ்டம், அதைக் கை பழகிவிடும். மழை பெய்த மறுநாள் மேலேயிருந்து உருளும் கல் ஆபத்து, அதற்கு எந்தப் பழக்கமும் இல்லை. அப்போ அந்தத் தொங்குகிற ஐஸுக்கு என்ன பண்ணப் போகிறீர்கள் என்று கேட்டேன். "வெயில் ஏர்றதுக்குள்ள வேகமா தாண்டிடுவோம்ப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாய். நானும் விட்டுவிட்டேன்.

இந்த வாரம் நான் செய்த ஒரு கோமாளித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அம்மா சொல்லத்தான் போகிறாள். உயரத்தில் நின்றால் உனக்கு எப்படி இருக்கும் என்று பார்க்கலாம் என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை வெயில் தாழ்ந்த பிறகு தியாகதுருகம் போய்க் கோட்டை மலையில் ஏறினேன். ரப்பர் செருப்போடுதான் போனேன். பாதி வரைக்கும் நன்றாகத்தான் போனது. பாறையில் படி தேய்ந்து வழவழவென்று இருக்கும் ஒரு இடத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. அப்படியே பாறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கீழே ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மா பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, ஏறும்போதே தெரியலியா முட்டி வலிக்கும்னு? வூட்ல சொல்லிக்கினு வந்தீங்களா?" என்று சத்தம் போட்டாள். வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன் என்று பதில் கொடுத்தேன். வேட்டியோடு உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கி வந்தேன், அந்த அம்மா கடைசி வரைக்கும் நின்று சிரித்துவிட்டுத்தான் போனாள். வேட்டி கிழிந்தது. வீட்டில் பைக் செயினில் மாட்டிவிட்டது என்று சொன்னேன், அம்மா அதை நம்பவே இல்லை. அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் மேலே இருக்கும் கோட்டை எனக்கு ஞாபகமே வரவில்லை, எப்படி இறங்குவது என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது.

உனக்கு அந்த மண்சரிவுக் கதை மனப்பாடம். ஆனாலும் இன்னொரு தடவை கேள், இந்த வாரம் அதில் எனக்கே தெரியாத ஒன்று வெளியே வந்தது. மலையில் மரவள்ளி எடுக்கிற விதம் இதுதான்: வண்டி வருகிறது என்று லாரிக்காரன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அங்கே காட்டுக்காரர்கள் கிழங்கைப் பிடுங்கிக் குவித்துவிடுவார்கள். பிடுங்கிய கிழங்கைத் திரும்ப மண்ணில் வைக்க முடியாது. அதை உடனே ஜவ்வரிசி மில்லில் சேர்க்காவிட்டால் மாவுச்சத்து குறைந்துவிடும், பாயிண்ட் இறங்கிவிட்டது என்று மில்லில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் வண்டி வருகிறது என்று சொல்லிவிட்டேன், அப்புறம்தான் மழை பிடித்தது. நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்காத வயசு. அருவி பார்க்க வேண்டும் என்று அம்மா அடம்பிடித்ததால் உங்கள் இரண்டு பேரையும் வண்டியில் கரியாலூருக்குக் கூட்டிப் போயிருந்தேன். அருவியும் பார்க்கவில்லை ஒன்றும் பார்க்கவில்லை, மழையோடு மழையாக லோடு ஏற்றிக்கொண்டு காலையில் இறங்கினோம். பாதி மலையில் முன்னால் மண் சரிந்து பாதையை அடைத்துவிட்டது. ரிவர்ஸ் எடுக்கலாம் என்று கியரில் கை வைப்பதற்குள் பின்னாலும் சரிந்துவிட்டது. நடுவில் நாம், நம் வண்டி, தலைக்கு மேல் ஊறிப்போன மண்.

அம்மா நடந்து இறங்கிவிடலாம் என்றாள். நான் முடியாது என்றேன். லோடு வண்டி நகராது, ஜேசிபி வரும், அதுவரைக்கும் நனையாமல் உள்ளேயே இருக்கலாம் என்றேன். உண்மையைச் சொன்னால் கிழங்கை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அவள் புடவைத் தலைப்பால் உன்னை இடுப்போடு கட்டிக்கொண்டு கதவைத் திறந்து இறங்கி, சரிந்த மண் மேலேயே நடக்க ஆரம்பித்தாள். நான் கத்துகிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழையில் கொஞ்ச தூரத்துக்கு மேல் உங்களைத் தெரியவில்லை. நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஜேசிபி வந்தது. வண்டியில் ஒரு கீறல் இல்லை. உங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிழங்குதான் நாறிப்போனது. அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரே சண்டை. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே, அப்போ உட்கார்ந்திருந்ததுதான் சரி என்று நான். எங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லையே, அப்போ நடந்ததுதான் சரி என்று அவள். நீ மலையேறும் கோர்ஸ் முடித்துவிட்டு வந்த பொங்கலில் நாங்கள் மறுபடியும் இதில் இறங்கியபோது, நீ நடுவில் புகுந்து, இரண்டு பேரும் தப்பு, மழையில் காலையில் வண்டியை எடுத்தீர்களே அதுதான் தப்பு, ஒன்றும் ஆகவில்லை என்பதால் எதுவும் சரி ஆகிவிடாது என்று தீர்ப்பு சொன்னாய். அப்போதுதான் நானும் அம்மாவும் முதல் தடவையாக ஒரே கட்சியில் சேர்ந்து உன்னைத் திட்டினோம்.

வியாழக்கிழமை அம்மா மாட்டுக்குச் சோளத் தட்டை நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாப்பா என்னை இப்படிக் கேட்டுவிட்டது, எனக்குப் பதில் தெரியவில்லை என்றேன். அவள் அரிவாளை நிறுத்தவே இல்லை.

"தெரியும். நான் உள்ளாற இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தேன். அந்தத் தொங்கற ஐஸப் பத்தி சொல்லசொல்ல கவனிச்சீங்களா? கடகடன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போய்ட்டா. சின்னப் புள்ளையிலருந்து பயமா இருந்தா அவ வேகமாத்தான் பேசுவா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் போக அவளுக்கு இஷ்டம் இல்லையா என்று கேட்டேன். இஷ்டமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, இரண்டும் இருக்கக் கூடாதா என்றாள். ஆபீசில் அவள் படத்தைப் போட்டுக் கைதட்டியாயிற்று, இங்கே பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்தாயிற்று, இனிமேல் அவள் எந்த வாயால் நான் வரவில்லை என்று சொல்லுவாள் என்று கேட்டாள். "அவ உங்களாண்ட உத்தரவு கேக்கல. வேணாம்னு சொல்றதுக்கு ஒரு ஆளு தேடறா."

அப்போ வேணாம் என்றே சொல்லிவிடட்டுமா என்றேன். அவள் தட்டையை அள்ளி மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த மண்சரிவில் நடந்ததைச் சொன்னாள். இத்தனை வருஷமும் அவள் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்ததை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"நடுவுல எனக்குக் காலு மாட்டிக்கிச்சுங்க. முட்டி வரைக்கும் சேறு. இந்தப் புள்ள கத்துது. மேலருந்து கல்லு உருண்டுக்கினு வருது. வண்டி பக்கத்துல, அந்தாண்ட தூரம். திரும்பி வண்டிக்கே வந்துடலாம்னுதான் தோணிச்சு."

வந்திருக்கலாமே, ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"வந்தா நீங்க சொல்லிக் காட்டுவீங்களே."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாப்பா, நான் சொல்லிக் காட்டுவேன் என்பதற்காகக் கல் உருளும் இடத்தில் உன்னை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் முன்னால் போயிருக்கிறாள். திரும்பியிருந்தால் நான் நிச்சயமாகச் சொல்லிக் காட்டியிருப்பேன், அதுவும் உண்மை. குழம்பில் உப்பு கூடினால் அதைப் பத்து நாளைக்குப் பேசுகிறவன் நான். இந்த வீட்டில் எல்லோருக்கும் அந்தக் குணம் உண்டு, உனக்கும் உண்டு.

அதற்கப்புறம் உன் மலையை நான் வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். வெடிப்பு, தொங்குகிற ஐஸ், காற்று கம்மி, இதையெல்லாம் நீயும் உன் கூட்டாளிகளும் என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டிருப்பீர்கள். மதியத்துக்குள் உச்சி வராவிட்டால் எந்த இடமாக இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறோம் என்றாய். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த நேரம் வரும்போது, எதிரில் உச்சி தெரியும்போது, உன் மண்டையில் எது ஓடும்? சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டும், மாணிக்கமும், ஆபீசில் கைதட்டியவர்களும் ஓடுவார்கள். போகாமலே ஃப்ளெக்ஸ் வைத்தார்களே, இப்போது பாதியில் திரும்பி வந்து எந்த முகத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்குவது என்று ஓடும். உன் தாளில் நீ அதை எங்கேயும் வரைந்து காட்டவில்லை. அதற்குக் கயிறும் கிடையாது. இங்கே கிழங்கைப் பிடுங்க வைத்தவன் நான். நீ வருகிறேன் என்று சொல்வதற்கு முன்னாலேயே உன் சார்பில் வண்டி வருகிறது என்று ஊருக்கே சொல்லிவிட்டேன். உன் கேள்விக்கு நான் பதில் சொல்லாவிட்டாலும் இதையாவது முதலில் சரி பண்ண வேண்டும் என்று தோன்றியது.

அதனால் இன்று காலையில் ஏணி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்த கம்பிகளை நானே அவிழ்த்தேன். முட்டி வலித்தது, ஆனால் இறங்கத் தெரிந்த உயரம்தான். மாணிக்கம் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான். என்னாயிற்று என்றான். என் மகள் போவதில் எனக்கு இஷ்டம் இல்லை, நான் வேணாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன். டீக்கடையே எழுந்து வந்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்டியும் ஒரு அப்பனா? பொண்ணு முன்னுக்கு வந்தா பொறுக்காதாய்யா உனக்கு?" என்று மாணிக்கம் எல்லோர் முன்னாலும் கேட்டான். என் ஃப்ளெக்ஸ், என் மகள், என் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அதைச் சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஸ்டாண்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானம் பால் ஊற்றப் போன அம்மாவிடம்கூட, உங்க வீட்டுக்காரர் சுத்தப் பழங்காலமாக இருக்கிறாரே என்று துக்கம் விசாரித்திருக்கிறார்கள். அவள் வந்து சொல்லிச் சிரித்தாள். இந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு நீ போகக் கூடாது. ஒளித்து மறைத்து என்ன ஆகப் போகிறது, அதுதான் என் ஆசை. நீ சின்னக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்தாலே டிரிப் போகாமல் வண்டியை நிறுத்தினவன் நான். ஆனால் என் ஆசை உன் கேள்விக்குப் பதில் ஆகாது. மலையை நீ பார்த்திருக்கிறாய், நான் பார்க்கவில்லை. உன் பயமும் உன் ஆசையும் எந்த அளவில் இருக்கிறது என்று உனக்குத்தான் தெரியும், நீ வேகமாகப் பேசினால்கூட அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அதனால் போகிறாயா இல்லையா என்று நீ முடிவு பண்ணு, எனக்குக் காரணம் சொல்ல வேண்டாம். இவன் தீர்மானத்தைத் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறான் என்று நினைக்காதே. எனக்கு ஒரு வேலை இருக்கிறது, அதை இன்று காலையில் ஆரம்பித்துவிட்டேன்.

நீ போகவில்லை என்று முடிவு பண்ணினால், அப்பா விடவில்லை என்று சொல்லிவிடு. ஊரில் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், ஒருவரும் உன்னைக் கேட்க மாட்டார்கள், என்னைத்தான் பேசுவார்கள். நீ போனால், அப்பன் பேச்சை மீறிப் போனாள் என்று இதே மாணிக்கம் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான், அதுவும் உனக்கு நல்லதுதான். போன பிறகு முதல் கூடாரத்தில் மனசு சரியில்லை என்றாலும் திரும்பு. அந்த ஐஸுக்குக் கீழே நிற்கும்போது ஏதோ ஒன்று வேணாம் என்று சொன்னாலும் திரும்பு. உச்சி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதும் திரும்பு. உன் கூட்டாளிகள் கேட்டாலும், ஆபீசில் கேட்டாலும், பேப்பர்காரர்கள் கேட்டாலும், அப்பா வேணாம்னாரு, திரும்பிட்டேன் என்று சொல்லு. அவ்வளவு உயரத்தில் உங்க அப்பா எப்படி வேணாம்னு சொன்னாரு என்று யாராவது கேட்டால் எனக்குப் போன் போடச் சொல்லு. டவர் இருக்கும். ஆமாம், நான்தான் வேணாம்னேன் என்று சொல்வேன். உன்னிடம் ஒருநாளும் சொல்லிக் காட்ட மாட்டேன்.

அப்பா